அடைமுட்டைக்குள் ஒரு திருகுச் சுவர்

கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில், வீட்டு மூலையில் வைக்கோல் பரப்பிய கூடையில் அடைகாக்கும் கோழியின் வெதுவெதுப்பான வயிற்றடியிலிருந்து 4 நாள் முட்டையொன்றை மெல்ல எடுத்து, இருட்டில் விளக்கொளிக்கு நேரே பிடித்தால், சிலந்திக் கால்களைப்போல் பரவிய செந்நிற நாளங்களின் நடுவே துடிக்கும் புள்ளியைக் காணும் ஆனந்தம் அலாதியானது. அத்துடிப்பினும் என் மனத்தை அதிகம் கவர்வது, கண்ணுக்குப் புலனாகாத நரம்பு முகட்டு உயிரணுக்களின் பொறுமையே: பின்மூளை உருவாகும் இடத்தின் விளிம்பிலிருந்து பிரிந்து, தொண்டை வளைவுகளினூடே ஊர்ந்து இதயத்தின் வாயிலை அடையும் அவை, ஒற்றைக் குழாயாயிருந்த இரத்தப் பாதையினுள் திருகிச் செல்லும் ஒரு சுவரை எழுப்பி, உடலுக்கொன்றும் நுரையீரலுக்கொன்றுமாகப் பகுத்துவிடுகின்றன. அவை வந்து சேராவிடில் குழாய் ஒன்றாகவே நின்றுவிடும். எத்தனை நேர்த்தியான திருகல்! குஞ்சு பொரிய 21 நாள் ஆகும். இந்தச் சூக்ஷ்ம வேலையோ சுமார் 8 நாளிலேயே பூர்த்தியாகி, அதைச் செய்த அணுக்களுள் பல அங்கேயே மடிந்தும் போகின்றன.