தாயின் கணக்கு
(‘அனாக்’ திரைப்படம் பற்றி ஒரு திறனாய்வு)

1988-ஆம் ஆண்டில், பிலிப்பைன்ஸ் நாட்டின் அதிபராயிருந்த கொரசான் அக்கினோ அம்மையார் ஹாங்காங் சென்றார். அங்கு வீட்டு வேலை செய்துவந்த தம் நாட்டுப் பெண்களைப் ‘பகோங் பயானி’ எனப் போற்றினார். ‘புதிய வீரர்’ என்பது அதன் பொருள். அன்று முதல் அத்தொடர் அந்நாட்டு அரசியலாரின் நாவில் நிலைத்துவிட்டது. கடல் கடந்து உழைப்போர் யாவரும் வீரர். அவர்கள் செய்வது தியாகம்.

பாராட்டுவது எளிது. பாராட்டியவர், பாராட்டப்பட்டவருக்குத் தாம் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தினாரா என்று கேட்பதே அரிது. இக்கேள்வியை மனத்திற்கொண்டே, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அனாக்’ என்னும் படத்தை ஈண்டு ஆராயப் புகுகிறோம். படக்கலையைப் பற்றி எழுதுவது நமக்கு வழக்கமன்று. எனினும், ஒரு மக்களின் துயரம் திரையில் எழுதப்பட்டிருப்பின், அத்திரையையும் ஓர் ஏடாகக் கொண்டு படிப்பதில் பிழையில்லை.

‘அனாக்’ என்றால் பிள்ளை. மகனையும் மகளையும் ஒருங்கே குறிக்கும் சொல். மலாய் மொழியிலும் இதே சொல் வழங்குவதால், பினாங்கு, சிங்கப்பூர் சென்று வந்த நம் பெரியவர்களுக்கு இது புதிதன்று. படத்தை இயக்கியவர் ரோரி குயின்டோஸ் என்னும் பெண்மணி. ஜோசி என்னும் தாயாக வில்மா சாண்டோஸும், கார்லா என்னும் மூத்த மகளாகக் கிளாடின் பரெட்டோவும் நடித்துள்ளனர்.

கதை நீண்டதன்று. ஹாங்காங்கில் பிறர் பிள்ளைகளை வளர்த்த ஜோசி, தன் பிள்ளைகளுடன் வாழ விரும்பி ஊர் திரும்புகிறாள். பெட்டி பெட்டியாகப் பரிசுப் பொருள்கள் வருகின்றன. ஆனால் அவற்றைக் கொண்டுவந்தவளுக்கு வீட்டில் இடமில்லை. இளைய மகளுக்குத் தாய் ஓர் அந்நியப் பெண். மூத்தவளோ, தந்தை இறந்தபோதும் வராத தாயை மன்னிக்க மறுத்து, தீய பழக்கங்களில் வீழ்கிறாள். எசமானர்கள் விடாததால்தான் தாய் வரவில்லை என்பது மகளுக்குத் தெரியாது.

இப்படத்தின் சிறப்பு யாதெனில், குற்றஞ்சாட்டும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்கியதே. ‘வீரர்’ என்று மேடையில் சொன்னால் கைதட்டல் எழும். அதே சொல்லை வீட்டிற்குள் சொன்னால், அந்த வீரம் எங்களிடமிருந்து எதைப் பறித்தது என்று பிள்ளை கேட்கும். கார்லா கேட்கிறாள். அவளுடைய கேள்வியை எவரும் அடக்கவில்லை; அவளைக் கெட்ட மகள் என்று ஒதுக்கிவிடவுமில்லை. அதற்கு விடையாகத் தாய், தான் உண்ணாமல் விட்ட உணவையும், தனித்துக் கிடந்த இரவுகளையும் எண்ணிக் காட்டும் காட்சியில் வில்மா சாண்டோஸின் நடிப்பு உயர்ந்து நிற்கிறது. காண்பவர் நெஞ்சு கலங்காமல் இருப்பதற்கில்லை.

ஆனால், நெஞ்சு கலங்கும் அவ்விடத்தில்தான் திறனாய்வாளன் விழித்திருக்க வேண்டும். தாயும் மகளும் ஒருவர் முன் ஒருவர் கணக்கை விரித்து, அழுது, மன்னித்துத் தீர்த்துக்கொள்கின்றனர். அந்தக் கணக்கில் கடன்பட்டவர் அவ்விருவர் மட்டுந்தாமா?

ஜோசியரைப் போன்ற பெண்களைக் கப்பலேற்றியது வறுமை மட்டுமன்று. 1974-இல் மார்க்கோஸ் ஆட்சி கொண்டுவந்த தொழிற்சட்டம், மக்களை அயல்நாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசின் திட்டமாகவே ஆக்கிற்று. 1982-இல் பிறந்த ஆணையொன்று, அவர்கள் ஊதியத்தில் பாதியோ அதற்கு மேலோ தாய்நாட்டு வங்கிகள் வழியாக அனுப்பியே தீரவேண்டும் என்று விதித்தது. மீறினால் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கப்படாது. ஹாங்காங் பணிப்பெண்கள் திரண்டெழுந்து போராடிய பின்னரே, 1985-இல் அத்தண்டனை நீங்கிற்று. 1987 முதல் ஹாங்காங்கில், ஒப்பந்தம் முறிந்த பணிப்பெண் இரண்டு வாரங்களுக்குள் வெளியேற வேண்டும் என்னும் விதி உள்ளது. கொடிய எசமானரை விட்டு விலகுவது, நாட்டையே விட்டு விலகுவதற்கு ஒப்பாகிறது. தாய் ஏன் வரவில்லை என்ற மகளின் கேள்விக்கு, இவையும் சேர்ந்தே விடையாகும். படமோ தீய எசமானரைக் காட்டி நிறுத்திக்கொள்கிறது; அவர் கையை வலுப்படுத்திய விதிகளைக் காட்டவில்லை. இறுதியில், கையிருப்புக் கரைந்து ஜோசி மீண்டும் ஹாங்காங் செல்கிறாள். மகள் மன்னித்துவிட்டாள் என்ற நிறைவோடு நாம் எழுந்துவிடுகிறோம். அவளைப் பிரித்த காரணங்கள் அப்படியே இருக்கின்றன.

இதற்கு முன்னரே, 1995 மார்ச்சில் சிங்கப்பூரில் பிலிப்பினோப் பணிப்பெண் பிளோர் கொன்டெம்பிளாசியோன் தூக்கிலிடப்பட்டபோது, அம்மக்களின் சீற்றம் தம் அரசின் மீதே திரும்பிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கேள்வி உரியவரை நோக்கி எழுந்தால் விடை வரும் என்பதற்கு இதுவே சான்று.

‘தியாகம்’ என்ற சொல்லைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். நாம் ‘குர்பானி’ என்கிறோம். அதன் வேர்ச்சொல் ‘குர்பு’. நெருக்கம் என்பது பொருள். நெருங்கச் செய்வதே குர்பானி. அவ்வேரில் பிறந்த ‘குர்பத்’ என்ற சொல்லும் நெருக்கத்தையே குறிக்கும். அயல்மண்ணில் வாடும் தனிமைக்கும் அரபியில் ‘குர்பத்’ என்றே பெயர். முன்னது ‘காஃப்’ எழுத்தில் தொடங்குவது. பின்னது ‘கைன்’ எழுத்தில் தொடங்குவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஓர் உருவமே. அரபியிலோ ஒன்றுக்கொன்று நேர்மாறு. ஜோசியின் வாழ்க்கை இவ்விரண்டிற்கும் இடையே சிக்கியது. பிள்ளைகளை அணைக்கவே சென்றாள். சென்றதே அவர்களை அகற்றிற்று. மனமுவந்து அளித்தால் அது தியாகம். வேறு வழியை அடைத்துவிட்டு வாங்கிக்கொண்டால், அதற்குப் பெயர் வேறு.

இது ஹாங்காங்கோடு முடியும் செய்தியன்று. ‘கபீல்’ என்பவரை நம் சபுராளிகள் நன்கறிவர். ‘கஃபாலத்’ என்றால் பொறுப்பேற்றல். அன்னை மர்யமை ஜகரிய்யா நபி பொறுப்பேற்றதைத் திருமறை குறிப்பதும், அநாதையைப் பொறுப்பேற்பவரை நபிமொழி உயர்த்துவதும் இவ்வேர்ச்சொல்லாலேயே. வளைகுடா நாடுகளில் அதே சொல், தொழிலாளியை ஒருவரிடம் கட்டிவைக்கும் முறைக்குப் பெயராயிற்று. 2018 பிப்ரவரியில், குவைத்தில் ஒரு பிலிப்பினோப் பணிப்பெண்ணின் உடல் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. இறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், பணிப்பெண்ணிடமிருந்து கைப்பேசியைப் பறிக்கக்கூடாது என்றும் எழுத வேண்டியிருந்தது! 2020-இல் கத்தார், எசமானரின் ஒப்புதலின்றி வேலை மாற வழிசெய்தது. பாராட்டத்தக்கதே. எனினும், பொறுப்பேற்பவர் என்ற சொல்லைத் தாங்குவோர், அதன் பொருளையும் தாங்க வேண்டாமா?

2023-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி, அயல்நாட்டில் உழைக்கும் பிலிப்பினோக்கள் சுமார் 21 லட்சத்து 60 ஆயிரம் பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். நம் ஊர்களில் தந்தை சபர் செல்வார்; தாயின் மடியாவது பிள்ளைக்கு எஞ்சும். அங்கே அம்மடியே கடல் கடக்கிறது. வளைகுடா வீடுகளில் நம்மவர் வாகனம் ஓட்டுகையில், அதே வீட்டின் அடுக்களையில் நிற்பவள் இன்னொரு ஜோசியாக இருக்கலாம்.

‘அனாக்’ பார்க்கத்தக்க படம். பிள்ளையின் வாயால் உண்மையைப் பேசவைத்த படம். அதன் குறை, அவ்வுண்மையை வீட்டு வாசலுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டமை. மகள் தாயை மன்னித்தாள், நன்று. தாய்க்குக் கடன்பட்ட மற்றவர்களை எவரும் இன்னும் மன்னிக்கவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை.