மாடிப்படியில் ஒரு ரோஸ்மேரி

டிசம்பரில் தாம்பரத்து வாசல்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கும்போது, எங்கள் மாடிப்படியில் ரோஸ்மேரி மணக்கும். இலையை லேசாக உரசினால் போதும், கற்பூரமும் நீலகிரித் தைலமும் கலந்தாற்போன்ற வாசம் விரலில் ஒட்டிக்கொள்ளும். அதில் வியப்பில்லை, ரோஸ்மேரி எண்ணெயில் கற்பூரமும் உண்டு, அந்தத் தைலத்திலுள்ள சினியோலும் உண்டு. சவுக்கின் சாயல் தெரிந்தாலும், இது துளசியின் குடும்பம்.

மத்தியதரைக் கடலோரச் செடி. நீலகிரிக் குளிரில் செழிக்கிறது. நம் பக்கத்தில் வெயிலைவிட வடகிழக்குப் பருவமழைக்குத்தான் அஞ்ச வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். மண்தொட்டி, தாராளமாக மணல், அடியில் ஓட்டுச்சில்லு. ஐப்பசி அடைமழையில் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். விதை முளைக்கத் தாமதமாகும். 4 அங்குல இளந்தண்டு ஒன்றை மணலில் நட்டாலே வேர்விடும்; பக்கத்து வீட்டுக்கும் ஒன்று கொடுங்கள்.