தாதனூரில் ஹீரோ யாரு?

கப்பலூர் சிட்கோவில் ஒரு குடோனுக்கு நான் ராத்திரி வாட்ச்மேன். டார்ச், விசில், பிளாஸ்க் நிறைய டீ. போன மார்கழியிலிருந்து கூடவே செங்கல் கனத்தில் ஒரு புத்தகம்: சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. நம்ம தொழில் பேராச்சே என்றுதான் எடுத்தேன், சத்தியமாக!

முதல் நூறு பக்கம் திணறல்தான். ஒருத்தன்மேல் பாசம் வைப்பதற்குள் அவன் செத்துப்போகிறான், அடுத்த தலைமுறை வந்து நிற்கிறது. கேட் ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தில் பெயர்களை எழுதி வைத்தேன். பக்கம் நிறைந்துவிட்டது, ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

லோடு இறக்க வந்த டிரைவர் தம்பி கேட்டான்: "இம்புட்டுப் பெரிய புக்குல ஹீரோ யாருண்ணே?"

யாரைச் சொல்வது? புருஷனைப் பறிகொடுத்து, வயிற்றுப்பிள்ளையோடு அமணமலைக்குத் தப்பிவந்த சடச்சியையா? தாது வருஷப் பஞ்சத்தில் சொத்தை விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளையா? களவுக்கும் காவலுக்கும் ஒரே ஊராகக் கிளம்புகிற தாதனூர்க்காரர்களையா?

"ஷிப்ட் மாதிரிடா தம்பி. ஒருத்தன் சாவியைக் குடுத்துட்டுப் போவான், அடுத்தவன் வாங்கிக்குவான்."

"அப்ப யாருக்குமே லீவு இல்லையாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மதுரைக் கோட்டையை இடிக்கிற கட்டம் இருக்கிறதே, அடேயப்பா! 1840-கள், கலெக்டர் பிளாக்பர்ன் காலம். சுவரை இடித்து அகழியை மூடுகிறவருக்கே அந்த இடம் என்று ஏற்பாடு. ஆனால் கோட்டையில் குடியிருக்கிற காவல் தெய்வங்கள் இறங்காமல் கடப்பாரை எப்படி இறங்கும்? அந்தத் தெய்வங்கள் கோட்டையை விட்டு வெளியேறுகிற இடத்தில் ரவுண்டு போக மறந்தேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கையில் மயிர் குத்திட்டு நிற்கிறது.

விடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று சும்மா சுற்றினேன். இரண்டுமே அந்த இடிப்பு வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள். இத்தனை வருஷமாக அங்கேதான் பனியன் வாங்குகிறேன், தெரியாது!

2012-ல் வசந்தபாலன் இந்த நாவலிலிருந்து ஒரு துண்டை எடுத்து 'அரவான்' செய்தார். நல்ல படம்தான். ஆனால் அறுநூறு வருஷத்துக் கூட்டத்தோடு பழகியவனுக்கு இரண்டு மூன்று பேரைப் பார்த்தால் பசி அடங்குமா? எழுதியவருக்கு இது முதல் நாவல் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. 2011-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியிருக்கிறது.

ரிஜிஸ்தரில் கிறுக்கியதற்கு சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட்டுக்கு வாருங்கள், பெயர்ப் பட்டியலோடு தருகிறேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.