தொட்டி காலியா, கம்பி அறுந்ததா?

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் செல்லும் வாசகர், ஜூஜூவாடியைத் தாண்டியதும் அத்திப்பள்ளியில் கன்னடப் பெயர்ப்பலகைகளைக் காண்பார். எல்லைக்கு இப்பால் சிப்காட் வளாகங்கள். 1980 வாக்கில் அசோக் லேலண்ட் லாரியும் டி.வி.எஸ். மொபெட்டும், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கிருந்து வரத் தொடங்கின. 2020-க்குப் பின் டாடா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் கைப்பேசி உறுப்புகளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செய்து வருகிறது. எனவே, 'மின்னணுவியல் பயிற்சி பெற்றால் ஓசூரில் வேலை கிடைக்குமா?' என்று மாணவர்கள் கேட்பதில் வியப்பில்லை. கிடைக்கலாம். அந்தப் பயிற்சியைக் கொண்டு வேலையில் நிலைக்க முடியுமா என்பதில்தான் எனக்கு ஐயம்.

என்னிடம் இளங்கலை இயற்பியல் படித்த ஒருவன், பிறகு ஒரு தனியார் நிலையத்தில் ஆறு மாதம் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பயிற்சியும் பெற்று, ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். ஓர் இரவு முறையில், குளிர்விக்கும் திரவத் தொட்டியின் மட்டம் திரையில் சுழி என்று காட்டியது. தொட்டி காலி என்று நம்பி வால்வைத் திறந்துவிட்டான். தொட்டியோ முக்கால் பங்கு நிறைந்திருந்தது. திரவம் வழிந்து தரையெல்லாம் ஓடியது. அவனுடைய பயிற்சிக் காலம் நீட்டிக்கப்படவில்லை.

அவன் தன் பயிற்சி நோட்டை என்னிடம் காட்டினான். ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதுபவனைப் போல அதை முழுவதும் படித்தேன். அழகான கையெழுத்து. பி.எல்.சி. என்னும் நிரல்வழிக் கட்டுப்படுத்திக்கான ஏணிப்படங்கள் பக்கத்துக்குப் பக்கம். ஒவ்வொன்றிலும் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, மோட்டார் சுழல்கிறது. நோட்டு முழுவதும் ஓர் இடத்திலாவது ஒரு விளக்குகூட எரியாமற்போகவில்லை! '4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்பது நியமக் குறிப்பலை' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதன்கீழ்ச் சிவப்பு மையில் கோடு.

அந்த ஒரு வரிக்குள் இருப்பதைச் சற்றுப் பார்ப்போம். தொட்டியின் உயரம் 5 மீட்டர் எனக் கொள்வோம். காலியாக இருந்தால் உணர்கருவி 4 மில்லி ஆம்பியரை அனுப்பும், நிறைந்திருந்தால் 20. பாதி என்றால் 12. காலித் தொட்டிக்கு ஏன் சுழியை வைக்கவில்லை? கம்பி அறுந்தாலும், உருகி எரிந்தாலும் மின்னோட்டம் சுழியாகிவிடும். தொட்டி காலி என்பதையும் கம்பி அறுந்தது என்பதையும் பிரித்தறியவே அந்த நான்கு. அன்றிரவு சுற்றில் இருந்தது 4 அன்று, 0. நான்குக்குக் கீழ்ப்பட்டதையெல்லாம் சுழி மட்டம் என்றே காட்டுமாறு நிரல் எழுதியவர்மீதும் குற்றமுண்டு. ஆனால் வேலை போனது அவருக்கல்ல.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியில் 250 ஓம் மின்தடையின் குறுக்கே அளந்தால் 1 முதல் 5 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். அங்கே சுழி என்றால் ஓட்டமில்லை. அடுத்து, மின்வழங்கியில் 24 வோல்ட் இருக்கிறதா? இருந்தால், தொட்டிக்குச் சென்று உணர்கருவியின் முனைகளில் அளக்கவேண்டும். அங்கும் முழு 24 வோல்ட் இருந்தால் கருவிக்குள்ளேயே சுற்று திறந்துகிடக்கிறது. சுழி என்றால் வழியில் எங்கோ கம்பியோ உருகியோ போயிற்று. மூன்றே அளவீடுகள்!

இங்கே நம் பேச்சுவழக்கும் காலை வாரிவிடுகிறது. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன் எல்லாமே நமக்குக் 'கரண்ட்'தான். மேற்பார்வையாளர் கன்னடமோ தெலுங்கோ பேசினாலும் அவருக்கும் கரண்ட்தான். எல்லைப்புறத்தில் மும்மொழியினரும் ஒன்றுபடும் இடம் இது. மல்டிமீட்டரில் 24 வோல்ட்டைக் கண்டவன் 'கரண்ட் இருக்கிறது, சார்' என்று சொல்லி அப்பால் போய்விடுகிறான். அழுத்தம் இருக்கிறது, ஓட்டம் இல்லை என்பதே அங்குள்ள பழுது. பள்ளிப் பாடநூல் தமிழில் அழகாகப் பிரித்துச் சொன்னதைத் தொழிற்கூடத்தின் ஒற்றைச் சொல் கலைத்துவிடுகிறது.

ஏணிப்படத்தின் வரலாறே இப்பயிற்சிமுறைக்கு எதிர்ச்சாட்சி. 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ரிலேக்கள் நிறைந்த பெட்டிகளுக்கு மாற்றாக ஒரு கருவியைக் கேட்டதிலிருந்து பிறந்தது பி.எல்.சி. புதிய கருவிக்கும் பழைய ரிலே வரைபடத்தின் வடிவத்தையே வைத்துக்கொண்டார்கள். எதற்காக? வரைபடம் படிக்கத் தெரிந்த மின்பணியாளரே அதையும் பார்த்துப் பழுது நீக்கவேண்டும் என்பதற்காக. நாம் அந்த ஏணியை எடுத்துக்கொண்டு, பழுதை விட்டுவிட்டோம்.

தமிழக அரசு 2022-இல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய இயந்திரங்களுடன் மேம்படுத்த முனைந்தது. வரவேற்கவேண்டியதே. ஆயினும் விலையுயர்ந்த கருவி வந்த இடத்தில் ஆசிரியருக்கு அச்சமும் வந்துவிடுகிறது. கெட்டுப்போனால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது? அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அதோடு தொழிற்பயிற்சிக்கான எழுத்துத் தேர்வு இப்போது கணிப்பொறியில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்வதாக இருக்கிறது. பழுதைத் தேடுகிறவனுக்கு நான்கு விடைகளை யாரும் எழுதித் தருவதில்லை.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடம் மட்டும் என்ன வாழ்ந்தது? மீட்டர் சமனச்சுற்றில் கால்வனாமீட்டர் முள் அசையவில்லை என்றால் மாணவன் கையைத் தூக்குவான். உதவியாளர் வந்து ஒரு திருகை முறுக்குவார், முள் அசையும், மாணவன் அளவீட்டைக் குறித்துக்கொள்வான். அந்த வகுப்பில் கற்கத்தக்கதைக் கற்றவர் உதவியாளர்தாம். இருபது ஆண்டுகளாக அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். என் மாணவன் தொட்டி வழிய நின்றதில் எனக்கும் பங்குண்டு.

இப்பருவத்தில் ஒரு பலகை செய்தோம். ஒரு 24 வோல்ட் மின்வழங்கி, ஓர் உருகி, 250 ஓம் மின்தடை, உணர்கருவிக்குப் பதிலாக ஒரு மாறுமின்தடை. பலகையின் பின்புறம் ஐந்து சாவிகள். ஏதேனும் ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு மாணவனை அழைக்கிறோம். பழுதைச் சொன்னதற்கு மதிப்பெண் இல்லை. எந்த வரிசையில் அளந்தான், ஏன் அளந்தான் என்று எழுதியதற்கே மதிப்பெண். முதல் வாரம் பெரும்பாலோர் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்கள். மூன்றாம் வாரத்தில் ஒருத்தி இரண்டே அளவீட்டில் முடித்தாள். திருகை முறுக்க வேண்டாம் என்று உதவியாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு அதில் சிறிது மனத்தாங்கல்தான்.