முழக்கத்திற்கு அலகு உண்டா?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது பொதுவான வரம்பு. "நன்றாகக் காய்ந்த நெல்" என்று உழவர் எவ்வளவு சொன்னாலும் போதாது. கருவி காட்டும் எண்ணே அங்குப் பேசும். நீடாமங்கலம் வட்டாரத்தில் இதை அறியாதவர் இல்லை. அதே உழவர் மாலையில் பொதுக்கூட்டத்திற்குச் செல்கிறார். மேடையில் கேட்கும் சொற்களை அவர் எந்தக் கருவி கொண்டு அளப்பது?

1967 பொதுத்தேர்தலை எடுத்துக்கொள்வோம். நாட்டில் வறட்சியும் அரிசித் தட்டுப்பாடும் நிலவிய காலம் அது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார் அறிஞர் அண்ணா. "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. அதன் இரு பாதிகளும் ஒரே நடையில் செல்கின்றன; முடிவில் ஓசை ஒத்துவருகிறது. ஒருமுறை கேட்டால் மறக்காது.

ஓசை நினைவுக்கு மட்டுமன்று, நம்பிக்கைக்கும் துணை செய்கிறது. ஓசை ஒத்து முடியும் பழமொழிகளை, அதே பொருளுடைய ஓசையற்ற வாக்கியங்களைவிட உண்மையானவை என மக்கள் மதிப்பதை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க உளவியல் ஆய்வு காட்டியது. சொல்லழகையும் கருத்தையும் பிரித்துப் பாருங்கள் என்று முன்கூட்டியே சொன்னபோது அந்த மயக்கம் குறைந்தது!

நாமும் பிரித்துப் பார்ப்போம். "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்ற முழக்கத்தில் எண்ணும் இல்லை, அலகும் இல்லை. 1971-இல் இந்திரா காந்தி முன்வைத்த "வறுமையே வெளியேறு" என்பதும் அத்தகையதே. எவ்வளவு, எப்போது என்று அவற்றிடம் கேட்க வழியில்லை. படி அரிசி முழக்கமோ எண்ணும் அலகும் உடையது. பௌதிகத்தில் ஓர் அளவைக் கூறும்போது பிழை வரம்பையும் கூறுவது போல, மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் அது சொல்லிவிட்டது. இது அதன் பெருமை.

குறைகளும் உண்டு. படி என்பது கன அளவு. பெரிய படி, சின்னப் படி என்ற வேறுபாடு இருந்தது. குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா? எந்த ஊரில், எந்த நாளுக்குள்? எல்லாவற்றிற்கும் மேலாக, சமன்பாட்டின் ஒரு பக்கமே கூறப்பட்டது. உண்பவருக்கு விலை குறைந்தால், விளைவித்தவருக்கும் அரவைக்கும் வண்டிக்கும் உரிய பணத்தை யாரேனும் கொடுத்தாக வேண்டும். இந்த மறுபக்கம் முழக்கத்தில் இல்லை.

ஆட்சிக்கு வந்தபின் 1967-இல் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நிதிச்சுமையால் மாநிலம் முழுதும் பரவவில்லை. "நிச்சயம்" என்ற சொல்லே இரு நகரங்களில் நின்றது. பிற்காலத்தில், 2008-இல் கிலோ ஒரு ரூபாய் அரிசியும், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியும் நியாயவிலைக் கடைகளுக்கு வந்தன. மறுபக்கச் செலவை அரசின் மானியம் ஏற்றதால்தான் அது இயன்றது.

ஆயினும் ஒன்று கூறுவேன். 1967-இன் முழக்கம் தவறியது என்று இன்று நம்மால் சொல்ல முடிவதே, அது அளக்கத்தக்கதாக இருந்ததால்தான். அளக்க இயலாத முழக்கம் ஒருநாளும் தோற்பதில்லை. அதனாலேயே அது ஆபத்தானது. அடுத்த கூட்டத்தில் கை தட்டுமுன் நான்கு கேள்விகள் கேட்போம்: எவ்வளவு? எந்த அலகில்? எப்போதைக்குள்? யார் செலவில்?