சொட்டு காட்டும் வழி

திருநெல்வேலி–சங்கரன்கோவில் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். இங்கிருந்து சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேரவேண்டிய வண்டியில் கியர் ஆயில் ஒழுகக் கூடாது.

தரையில் சொட்டைக் கண்டதும் நல்ல மெக்கானிக் ஸ்பானரைத் தேடுவதில்லை. தொட்டு, முகர்ந்து பார்க்கிறார். கறுத்து, கருகல் வாடை அடித்தால் எஞ்சின் ஆயில். தேன் நிறத்தில் கெட்டியாக, கந்தக நெடி வீசினால் கியர் ஆயில். பற்கள் தேயாமலிருக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களின் நெடி அது.

சொட்டும் இடமே கசியும் இடமென்று நம்பிவிட முடியாது; ஓட்டத்தில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆகவே டீசலால் கழுவி, துடைத்து உலர்த்தி, முகப்பவுடர் தூவி ஒரு சுற்று ஓட்டி வருவார்கள். வெள்ளையில் ஈரக்கோடு தொடங்கும் இடம்தான் குற்றவாளி. பொலேரோ போன்ற வண்டிகளில் பெரும்பாலும் கியர் பெட்டிக்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் நுழையும் பின்புற ஆயில் சீல்.

கைத்தேர்ச்சி தெரிவது இனிமேல்தான்.

புதுச் சீல் மாட்டுமுன் கியர் பெட்டியின் காற்றுப்போக்கியான பிரீதரைப் பார்ப்பார் அனுபவசாலி. சேறு அடைத்த பிரீதர் சூடேறிய காற்றை வெளியே விடாது; அந்த அழுத்தம் புதுச் சீலையும் மீறி எண்ணெயைப் பிதுக்கும். சீலில் ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்ளே, எண்ணெயைப் பார்த்து இருக்கவேண்டும். சீலின் உதட்டில் துளி எண்ணெய் தடவி, சாயாமல் தட்டி இறக்குவார்.

எண்ணெயை வடிப்பதற்கு முன்பே நிரப்பும் பிளக்கைத் தளர்த்திப் பார்த்துக்கொள்வார். அது இறுகிக்கிடந்தால், காலியான கியர் பெட்டிக்கு எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, துளை விளிம்பில் வழியும்வரை புது எண்ணெய் ஊற்றுகிறார்.