கொண்டவெட்டுவான் குளமும் செய்மதிக் கண்ணும்

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களின் குழாய்நீர் அம்பாறை நகரை அடுத்த கொண்டவெட்டுவான் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வருவதால், நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியா அக்குளத்தில் பெருகுமாயின், அது 2004 ஆம் ஆண்டுச் சுனாமியில் கிணறுகள் உவர்ப்பேறக் கண்ட மக்களின் குடிநீர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடும். இப்பெருக்கத்தைச் செய்மதிப் படங்களாலும் இயந்திரக் கற்றலாலும், அதாவது முன்னைய தரவுகளிலிருந்து கணினி தானே உறவுகளைக் கண்டறியும் முறையாலும், கண்காணிக்கலாம் என்ற கருத்து இந்தப் பின்னணியிலேயே எடைபோடப்பட வேண்டும்.

பாசியிலுள்ள பச்சையம் 665 நனோமீற்றர் அலைநீளத்தை அண்டிய சிவப்பொளியை உறிஞ்ச, 705 நனோமீற்றரை அண்டிய ஒளி மிகுதியாகத் தெறித்து வருகிறது. 2015 இல் முதலாவது ஏவப்பட்ட ஐரோப்பியச் சென்ரினல்-2 செய்மதிகள் இவ்வேறுபாட்டை 20 மீற்றர் சதுரங்களாக, ஏறத்தாழ ஐந்து நாளுக்கொரு முறை, கட்டணமின்றித் தருகின்றன. நீர் எடுக்கும் கோபுரத்தடியில் அள்ளும் ஒரு போத்தல் நீர் குளத்தின் மறுகரையைப் பற்றி எதுவும் சொல்லாதிருக்க, முழு நீர்ப்பரப்பையும் ஒரே வேளையில் காட்டுவதே இம்முறையின் மறுக்கவொண்ணாத வலிமையாகும். நச்சுப்பாசியால் அமெரிக்காவின் தொலிடோ நகரக் குழாய்நீர் 2014 இல் குடிக்கத் தகாததென அறிவிக்கப்பட்ட மறு ஆண்டிலேயே, அந்நாட்டு நிறுவனங்கள் செய்மதிவழிக் கண்காணிப்புத் திட்டமொன்றைத் தொடங்கின.

எனினும் செய்மதி காண்பது நிறமியையேயன்றி நஞ்சையன்று. இலங்கை நீர்த்தேக்கங்களில் பதிவாகியுள்ள ராபிடியோப்சிஸ் ரசிபோர்ஸ்கி என்னும் இழைப்பாசி, சிலிண்ட்ரோஸ்பேர்மொப்சின் என்ற ஈரல் நஞ்சை உண்டாக்கவல்லது; அது மேற்பரப்பில் ஆடையாகத் திரளாமல் நீர் முழுவதும் பரந்து கிடப்பதால், மேல்நீரின் நிறத்தை நம்பும் கருவி, அஞ்ச வேண்டிய இடத்திலேயே வலுவிழக்கிறது. நீலப்பச்சைப் பாசிக்கேயுரிய நிறமியைப் பிரித்தறிய 620 நனோமீற்றர் அலைவரிசை வேண்டும். அது சென்ரினல்-2 இல் இல்லை. சென்ரினல்-3 இல் அது உண்டாயினும், அதன் ஒவ்வொரு சதுரமும் 300 மீற்றர் ஆகையால், நடுத்தரக் குளமொன்றில் கரையின் ஒளி கலவாத சதுரங்கள் சிலவே எஞ்சும். தாமரையும் ஆற்றுவாழையும் பாசியென்றே பதிவாகக்கூடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்திலோ முகில் பலநாள் குளத்தையே மறைத்துவிடும்.

இவற்றினும் ஆழமான குறை, குளிர்நாட்டு ஏரிகளின் அளவீடுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட இயந்திரக் கற்றல் மாதிரியொன்று, சேறு கலங்கும் ஆழமற்ற வெப்பவலயக் குளத்துக்கும் தயக்கமின்றி ஓர் எண்ணைத் தந்துவிடுவதாகும். சரிபார்க்க உள்ளூர் அளவீடு இல்லாதபோது அவ்வெண்ணின் பிழையை எவராலும் காணவியலாது. ஆகவே நீரைக் குடிக்கலாமா என்ற வினாவை இம்முறையிடம் விடுவது தவறு. அடுத்த நீர்மாதிரியை எங்கே, எப்போது அள்ளுவது என்று காட்டுவதற்கு மட்டுமே அது இப்போதைக்குத் தகுதியுடையது. அதற்கும் செய்மதி குளத்தின்மேல் கடக்கும் முற்பகல் பத்தரை மணியை ஒட்டிப் பல ஆழங்களில் நீர் அள்ளி, பச்சையம், பாசியினம், நஞ்சு மூன்றையும் அளந்து வைத்த தொடர்ச்சியான பதிவு வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தைக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் இப்பதிவை முகில் குறைந்த சிறுபோக மாதங்களிலேயே தொடங்கலாம்.